தராமல் வைத்திருந்த இசைத்தட்டு

மாப்ளே,

இன்று மதியம் உன் பழைய ஜாஸ் தட்டு ஒன்றை உறையிலிருந்து உருவினேன். மிளகாய் வத்தல் நெடி ஏறி மூன்று தும்மல். விருதுநகரில் நீ மிளகாய் மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்கு மேலிருந்த அறையில் பதினைந்து வருட ஞாயிறுகளை இப்படித் தும்மியேதான் கழித்தோம். சாக்ஸபோன் உச்சத்துக்குப் போகும்போது எனக்குத் தும்மல் வந்தால், "அடக்குலே, அவன் மூச்சு விடுறது கேக்காமப் போயிரும்" என்பாய்.

திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அச்சடிக்கிற எனக்கு, இதையெல்லாம் பேச உன்னை விட்டால் ஆள் கிடையாது. உனக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு சேவியர் சார் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியர்; சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். நாம் பழைய ஆல்பங்களையே சுற்றிக்கொண்டிருக்க, அவர் நேற்று வெளிவந்ததைக் கொண்டுவந்தார். ட்ரம்ஸ் எங்கே தாளம் மாறுகிறது என்று ஒருநாள் அவர் சொன்னதும் நீ என் தொடையைத் தட்டி, "சாருக்குக் காது இருக்குலே" என்றாய். என் காதைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்கு வயிறு எரிந்தது.

நெஞ்சுவலியில் நீ படுத்தபோது, சார் என் அச்சகத்துக்கு வந்து ஒரு புதுத் தட்டைத் தந்தார். மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. "எனக்குப் பரீட்சை வேலை. நீங்க போறப்ப குடுத்திருங்க. அவுகதான் மொதல்ல கேக்கணும்." நான் அதைக் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

"சார் ஒண்ணும் குடுத்து விடலையாலே?" என்று நீ இரண்டு முறை கேட்டாய். இரண்டு முறையும் இல்லை என்றேன். உன் முகம் வாடியதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இதை மறைத்துவிட்டு உனக்கு எதை எழுதுவது? மூன்றாம் முறை கேட்க நீ இல்லை.

துக்க வீட்டில் சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தட்டைக் கேட்டாகளா? என்ன சொன்னாக?"

"ரொம்பப் பிடிச்சிருந்துச்சு சார்" என்றேன். அவர் அழுதுவிட்டார்.

போன மாதம், தாங்க முடியாமல், அவரிடம் உண்மையைச் சொன்னேன். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமைதான் திரும்ப வந்தார். "அந்தத் தட்டை எடுங்க. கேப்போம்."

கேட்டோம். இரண்டாவது பக்கத்தில் பியானோ சட்டென்று நின்றுபோய், பேஸ் கிடார் மட்டும் தனியாக நடக்கிற ஓர் இடம். நீ இருந்திருந்தால் அங்கே கண்ணை மூடி ஆள்காட்டி விரலைத் தூக்கியிருப்பாய். அது எனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்துத் திரும்பினேன். சாரின் கண்கள் மூடியிருந்தன. விரல் தூக்கியிருந்தது.

நீ போய் வருடம் ஒன்றாகப் போகிறது. அந்த விரலைப் பார்த்ததும், அழுகைக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது, மாப்ளே.