எட்டுப் பேராகத் தோற்ற பகல்

நானா,

இன்று காலை குளுவாங் சந்தையில் கயிற்றுச் சுருள்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்த நார்வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் இறந்த செய்தியைப் பத்திரிகைக்கு எழுதியவன் நான்தான். அந்த நான்கு வரியில் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பல நாட்டார் கூடிய விளையாட்டுப் போட்டி. நம் சின்ன ஜொகூரிலிருந்து ஓட்டத்துக்கு ஒருவர், கயிறு இழுக்கத் தேநீர்க்கடைக்காரரான நீங்களும் உங்கள் ஆட்களும் ரப்பர் தோட்டத்தாருமாக எட்டுப் பேர், செய்தி எழுத நான். ஓட்டக்காரர் காலையிலேயே கால் சுளுக்கித் தோற்றார். நம் கொடிக்கு மிஞ்சியது கயிறு மட்டும். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து ஆள் ஒருவர் காய்ச்சலில் சுருண்டுவிட்டார். எட்டுப் பேர் நிற்காவிட்டால் ஜொகூரின் பெயரை அடித்துவிடுவேன் என்றார் நடுவர்.

நீங்கள் என் பென்சிலைப் பிடுங்கிக் காதில் செருகிக்கொண்டீர்கள்.

"வாங்க பேப்பர்காரரே, கயிறு உங்களத்தான் கூப்பிடுது."

"நானா, என் உடம்பப் பாத்தீங்களா?"

"பாத்தேன். கயித்தவிடக் கொஞ்சம் தடிமன். போதும் லா."

எதிரே ஒரு பெரிய தேசத்துக் கப்பல்காரர்கள். முதல் இழுப்பில் நொடியில் விழுந்தோம். நடுவில் நின்ற எனக்குக் காரணம் கையிலேயே தெரிந்தது. நாகூர்ப் பக்கத்து உங்கள் ஆட்கள் வலை இழுத்த பழக்கத்தில், நீங்கள் கொடுத்த குரல் முடிந்தபின் இழுத்தார்கள். தோட்டத்தார் மரம் இழுத்த பழக்கத்தில், குரல் எழும்போதே இழுத்தார்கள்.

"உங்க ஆளுங்க தூங்குறாங்க நானா," என்றார் தோட்டத்து மாரி.

"நீங்க மட்டும் என்ன, ரயிலப் பிடிக்கிறாப்புல பறக்குறீங்க," என்றார் உங்கள் மச்சான்.

நீங்கள் குறுக்கே கை நீட்டினீர்கள். "சண்டைய ஊருல போய்ப் போடலாம். எல்லாரும் நம்ம கடையில தே குடிச்சவங்கதானே? அடுப்படிக்குச் சொல்ற மாதிரியே சொல்றேன். 'ரெண்டு'ன்னதும் இழுங்க."

பின்கோடியில் கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு, அடுப்படிக்குத் தேநீர் சொல்லும் அதே கடைக்குரலில் கத்தினீர்கள்: "தே... ரெண்டு!"

எல்லோர் குதிகாலும் ஒன்றாக மண்ணில் இறங்கியது. கப்பல்காரர்கள் ஓரடி நகர்ந்தார்கள். மறுபடி, "தே... ரெண்டு!" கூட்டத்திலிருந்த தமிழர்கள், "எனக்கும் ஒண்ணு லா!" என்று கூவினார்கள். கப்பல்காரர்கள் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தார்கள்.

மூன்றாவது இழுப்பில் தோற்றோம். அடியடியாக, நெடுநேரம் நின்று தோற்றோம். உள்ளங்கை கிழிந்தும் யாரும் கயிற்றை விடவில்லை.

பென்சிலைத் திருப்பிக் கொடுத்தீர்கள். "தோத்தோம்னே எழுதுங்க. ஆனா எட்டுப் பேரா தோத்தோம்னு எழுதுங்க."

எத்தனையோ போட்டிகளை வேலிக்கு வெளியே நின்று எழுதியிருக்கிறேன். 'தோற்றார்கள்' என்றுதான் எழுதுவேன். 'தோற்றோம்' என்று எழுதியது அந்த ஒரு நாள்தான். அந்தச் சொல்லைக் கொடுத்தவர் நீங்கள்.

சந்தையிலிருந்து நேரே உங்கள் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். இப்போது கல்லாவில் உங்கள் மகன். யாருக்காகவோ அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்: "தே... ரெண்டு!"

மேசைக்கடியில் என் குதிகால் தரையை அழுத்தி ஊன்றிக்கொண்டது.