மொட்டைமாடிக் கதவு

டீச்சர்,

இன்று காலை மருமகள் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேல் வைத்துவிட்டு மறந்துபோனாள். துணி கருகும் வாடை வந்ததும் நான் வாசலுக்கு ஓடிவிட்டேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில், ஜவுளிக்கடைக்கு மேலே, நூறு வருடத் தேக்குக் கட்டடத்தில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தினீர்கள். எழுபதுகளில் நான் நகராட்சிக் கட்டட ஆய்வாளன். மாடிக்கு இரண்டாவது படிக்கட்டு இல்லாமல் உரிமம் கிடையாது என்றேன்.

"பின்சுவத்த இடிச்சா உத்தரமே எறங்கிருமுங்க. பழைய கட்டடத்துக்கு வேற வழியே இல்லீங்களா?" என்று கேட்டீர்கள்.

இருந்தது. பழைய கட்டடங்களுக்கு விதியைத் தளர்த்தலாம். மொட்டைமாடி வழியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் கதவு, வகுப்பு நடக்கும்போதெல்லாம் திறந்திருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு எழுதிக்கொடுத்தேன். தினமும் அதைத் திறந்து, செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் நீங்கள் உட்காருவீர்கள்.

இரண்டு வருடம் கழித்து, திருட்டுப் பயம் என்று கடைக்காரர் அதில் பூட்டுப் போட்டார். நீங்களே டைப் அடித்த புகாரோடு என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். "சாவி குடுக்க மாட்டேங்கறாருங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா கேப்பாருங்க."

"அடுத்த வாரம் வாரேனுங்க" என்றேன். கடைக்காரரைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. மூன்று வாரமாகியும் நான் போகவில்லை.

தீப்பிடித்தது ஒரு மத்தியானம். ஏழு பெண்களைப் படி வழியாக இறக்கிவிட்டு, எட்டாவது பெண்ணைத் தேடி மறுபடி மேலே ஏறினீர்கள். படி எரிந்து விழுந்தது. இருவரையும் அந்தக் கதவடியில்தான் எடுத்தார்கள். உங்கள் கையில் உடைந்த நாற்காலியின் கால் இருந்தது.

விசாரணையில், "கதவு டீச்சர் பொறுப்பு" என்றார் கடைக்காரர். புகார் ஏதும் வந்ததா என்று அதிகாரி என்னைக் கேட்டார். வரவில்லை என்றேன். முந்தைய நாளே உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டிருந்தேன். நிபந்தனையை மீறியவர் நீங்கள் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

விசாரணை முடிந்த அன்று வெளியே உங்கள் அப்பா நின்றிருந்தார். ராசிபுரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர், அந்த எட்டாவது பெண்ணின் வீட்டில் காலில் விழுந்துவிட்டு நேரே என்னிடம் வந்திருந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க நல்லது நெனச்சு எழுதிக் குடுத்தீங்க சாமி. எம்புள்ள கதவத் தொறந்து வெக்காம இன்னொருத்தர் புள்ளையையும் கொன்னுபோட்டா. மன்னிச்சுப்போடுங்க."

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன், டீச்சர்.

சாகும்வரை அவர் அதையே நம்பிக்கொண்டிருந்தாராம். ராசிபுரம் ஒரு மணி நேர பஸ் தூரம்தான். நான் போகவில்லை.