தீவுக்கு மூன்று டிக்கெட்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா பரவாயில்லை, மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது, நெஞ்சில் தையல் போட்ட இடம் மட்டும் அவ்வப்போது இழுக்கிறதாம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். யார் மேல் என்று கேட்காதே, இந்தக் கடிதம் யார் பெயருக்கு வந்திருக்கிறதோ அவன் மேல்தான். போனிலேயே திட்டியிருப்பேன், ஆனால் நான் குரலை உயர்த்தினால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடும், அப்புறம் கூப்பிடறேம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சரியானது, பிளம்பர் மூன்று தடவை வந்தார், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஓர் இடத்தில் ஒழுகவைத்துவிட்டுப் போனார். சித்திக்கு மூட்டுவலி தேவலை, வாய்க்குத்தான் இன்னும் வலி வரவில்லை. கடையில் முதலாளி எனக்குப் பத்து நாள் லீவு கொடுத்துவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்த பத்தொன்பது வருஷத்தில் சேர்ந்தாற்போல் பத்து நாள் நான் கேட்டதே கிடையாது, அதனால் வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று அவர் பதறிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை சார், ஒரு சின்னத் தீவுக்குப் போகிறோம், என் மகன் வருகிறான் என்று சொன்னேன். அவரிடம் மட்டுமா? பிரேம் ஆடுகிறது என்று வந்தவர்களிடமெல்லாம் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே சொன்னேன், என் மகன் வருகிறான், மூன்று பேரும் கடற்கரையில் சும்மா உட்காரப் போகிறோம் என்று. ஊர் முழுக்கத் தண்டோரா போட்டாகிவிட்டது. இனி அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பது என் கவலை, அது கிடக்கட்டும்.

தீவு யாருடைய யோசனை? அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம், கூட இருக்க முடியவில்லையே என்று வீடியோவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நீதானே சொன்னாய், எங்கேயும் ஓட வேண்டாம்ப்பா, கார் கூட இல்லாத ஒரு தீவு இருக்கு, பத்து நாள் சும்மா கிடக்கலாம், நானும் வரேன் என்று. டிக்கெட் மூன்றையும் நீதான் அனுப்பினாய். அன்றிலிருந்து இந்த மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. பஸ் நிலையத்து வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதிய டைம்கீப்பரிடம் சும்மா கிடக்கலாம் என்று சொன்னால் என்ன ஆகும்? சும்மா கிடப்பதற்கும் அட்டவணை போட்டார். விடுதி நடத்துகிற அம்மாவுக்குப் போன் பண்ணிப் பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்லுங்கள் என்று பேனாவும் கையுமாக உட்கார்ந்தார். அந்த அம்மா சிரித்துவிட்டு, இங்க என்னங்க இருக்கு, மணல் இருக்கு, தண்ணி இருக்கு என்றிருக்கிறாள். இவர் தலைப்புப் போட்டு, ஒன்று மணல், இரண்டு தண்ணீர் என்று எழுதி அடிக்கோடும் போட்டார். எனக்கு மாலை நாலே கால் முதல் ஐந்தரை வரை கடலைப் பார்த்தல். ஐந்து முப்பத்தொன்றுக்கு நான் கடலைப் பார்த்தால் என்ன செய்வீர்கள், மெமோ கொடுப்பீர்களா என்று கேட்டேன். ஒரு மாதமாக இதே சண்டைதான், இருந்தாலும் மனசுக்குள் சந்தோஷமாக இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறாரே என்று.

வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்தார். மெத்தைக்குத் தலையணை எத்தனை தருவார்கள் என்று கேட்க அந்த விடுதி அம்மாவின் நம்பரை அவர் போனில் தேடினேன். தேடும்போது உன் பெயர் வந்தது, உன் செய்தி வந்தது. அப்பா, ஆபீஸ்ல லீவு கஷ்டம் போல இருக்கு, ட்ரை பண்றேன், பார்க்கலாம், எதுக்கும் நீங்க ரெண்டு பேரும் ஜாலியா போய்ட்டு வாங்க. தேதியைப் பார்த்தேன், மூன்று வாரம் ஆகிறது. அதற்குக் கீழே அவர் பதில், சரிப்பா, நேரத்துக்குச் சாப்பிடு. அவ்வளவுதான். மூன்று வாரமாக என்னிடம் மூச்சு விடவில்லை அவர். நீயும்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னோடு பேசினாய், என்னம்மா பெட்டி கட்டியாச்சா என்று கேட்டாய். எந்த வாயால் கேட்டாய்? எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதிலும் அந்த ஜாலியா என்ற வார்த்தை, அது கையில் கிடைத்திருந்தால் நசுக்கியிருப்பேன்.

அவர் துண்டோடு வெளியே வந்ததும் போனை நீட்டினேன், அவன் வரமாட்டேன் என்று சொன்னதை ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாகத் தலையைத் துவட்டிக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவன் எங்கடி வரமாட்டேன்னு சொன்னான், பார்க்கலாம்னுதானே சொன்னான், கன்ட்ரோல் ரூம்ல இருந்து ரத்துன்னு சொல்லிக் கையெழுத்து வாங்குற வரைக்கும் வராத பஸ் எல்லாம் லேட் பஸ்தான். முப்பத்தொரு வருஷம் இப்படித்தான் வேலை பார்த்தேன், நானாக ஒரு வண்டியையும் ஏட்டில் கோடு போட்டு அடித்ததில்லை என்கிறார். பிறகு அந்த அட்டவணையை எடுத்து முழுதாகப் பார்த்தேன். அதுவரை என் கட்டத்தை மட்டும் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று கட்டங்கள், மூன்றாவது உனக்கு. பத்து நாளும் காலையில் உன் கட்டத்தில், தூங்கட்டும், எழுப்பக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அவர் கட்டத்தில், அவன் எழுந்த பிறகு காலை நடை மகனுடன், தேநீர் மகனுடன், மாலை நடை மகனுடன். தனியாக அவருக்கென்று மாத்திரை போடுவது ஒன்றுதான். அதில் கடைசி ஐந்தாறு நாட்களை அவர் எழுதியதே உன் செய்தி வந்த பிறகுதான்.

லீவு கஷ்டம் என்பதை நான் பாதிதான் நம்புவேன். உன்னைப் பெற்றவள் நான், மீதிப் பாதி எனக்குத் தெரியும். வீடியோவில் அவர் சட்டை தொளதொளவென்று இருப்பதைப் பார்த்ததும் நீ கண்ணை வேறு பக்கம் திருப்புவதை நான் கவனித்திருக்கிறேன். நேரில் பார்க்க உனக்குப் பயம். எனக்கு மட்டும் பயமில்லையா? கூடவே இருக்கிறேனே, நான் எங்கே போய்க் கண்ணைத் திருப்புவேன்? பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நான் திட்டியிருக்கமாட்டேன். நீ பெரிய துரை மாதிரி ஆபீஸ் பெயரைச் சொல்லி மழுப்பியதுதான் பொறுக்கவில்லை. சித்தி வேறு, அவன் வராவிட்டால் அந்த டிக்கெட்டில் நான் வருகிறேனே என்றாள், அவளிடம் நான் கத்திய கத்தலில் இரண்டு நாளாக அவள் இந்தப் பக்கம் வரவில்லை. அதற்கும் நீதான் பொறுப்பு.

இன்று மறுபடியும் அந்த விடுதி அம்மாவுக்குப் போன் பண்ணியிருக்கிறார். இந்தத் தடவை பார்க்க வேண்டிய இடம் எதுவும் கேட்கவில்லை. தீவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை படகு வரும், படகுத்துறையில் உட்கார பெஞ்சு இருக்கிறதா, அதற்கு நிழல் உண்டா என்று கேட்டார். காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்றாம். பெஞ்சு இருக்கிறதாம், நிழல் இல்லையாம். பெட்டியில் என் சேலைக்கு மேல் குடையை வைத்திருக்கிறார். நாங்கள் போகும் படகைக் கழித்தால் பத்து நாளில் பத்தொன்பது படகு. ஓய்வெடுக்கப் போகிற மனுஷன் பத்தொன்பது தடவை அந்த வெயிலில் போய் நிற்பார், கடைசி ஆள் இறங்குகிற வரைக்கும் நிற்பார், உன் பெயரை அடிக்காமல் திரும்பி வருவார். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க என்னால் முடியாது.

ஆகவே வந்து சேர். இல்லையென்றால் வரமாட்டேன் என்று அவரிடம் உன் வாயால் சொல், என்னிடம் இல்லை, அவரிடம். பார்க்கலாம் என்று மட்டும் இன்னொரு தரம் சொல்லாதே.

கோபத்தில் எழுதினாலும் வாழ்த்தில் குறை வைக்கமாட்டேன், நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு. வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. பத்தொன்பதாம் தேதி காலை ஏழே முக்காலுக்குப் படகு.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா