டாபு அக்காவின் கால்

நோன்புக்கு முந்தின வெள்ளி

பிள்ளைகளின் அப்பாவுக்கு, ஷிஜா சலாம் சொல்லி எழுதுவது.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை, அவ்வளவு அசதி. சோளக்காட்டில் களை இன்னும் பாதி கிடக்கிறது.

உங்கள் மூத்த மனைவி டாபு அக்கா இரண்டு மாதம் முன்பு கொதிக்கும் மொச்சைப் பானையைக் காலில் கவிழ்த்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாமல் சாம்பலைப் பூசிக் கட்டியிருக்கிறாள். நாற்றம் என் வீடுவரை வந்த பிறகுதான் போய்ப் பார்த்தேன். உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இந்த ஆறு வருஷத்தில் அவள் வாசலை நான் மிதித்தது அன்றுதான்.

மருந்தகத்தில் களிம்பு தீர்ந்துபோயிருந்தது. கொதித்து ஆறின உப்புத் தண்ணீரில் கழுவிச் சுத்தமான தேனைத் தடவு என்றாள் நர்ஸ் ரெஹேமா. காய்ச்சல் கண்டாலோ புண் கறுத்தாலோ அன்றைக்கே தபோரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள்.

உங்கள் தம்பி காட்டுக் கூடுகளிலிருந்து தேன் எடுத்து வந்தார். அழுகின சதை கழன்று வர, நர்ஸைக் கேட்டுக்கொண்டு பப்பாளிக்காயும் மசித்து வைத்தேன். நான் இடுப்பில் சுற்றும் பழைய கங்காத் துணியைக் கிழித்து, வேகவைத்துக் காயப்போட்டு, காலையும் மாலையும் கட்டு மாற்றினேன். எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன்.

முதல் நாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "புருஷனத்தான் எடுத்துக்கிட்ட, காலையாவது விட்டு வையேன்டி" என்றாள். "காலு உங்ககிட்டயே இருக்கட்டும், ஆட்டாம இருங்க" என்றேன். சிரித்துவிட்டாள். சிரித்த அசைவில் வலித்து அழுதாள்.

மூன்றாவது வாரம் கட்டுப் பிரிக்கும்போது, "ஒனக்கு எழுதுறாருல்ல? எப்படி இருக்காராம்?" என்று கேட்டாள். என் கை நின்றுவிட்டது. அவளுக்குத்தான் எழுதுகிறீர்கள் என்று நான் நினைத்திருந்தேன். பதினாலு மாதமாக, கடிதம் இன்னொருத்திக்குப் போகிறதென்று இருவரும் வயிறெரிந்திருக்கிறோம். அன்று கட்டை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது.

நீங்கள் வேலைக்குப் போன துறைமுகத்திலிருந்து வந்த லாரிக்காரர் உங்களைக் கைக்குழந்தையோடு பார்த்ததாகச் சொன்னார். நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

புண்ணில் செக்கச்செவேலென்று புதுச் சதை வளர்ந்து, ஓரத்திலிருந்து தோல் மூடி வருகிறது. கம்பு ஊன்றி நடக்கிறாள். இப்போது என்னோடும் பிள்ளைகளோடும்தான் இருக்கிறாள். அவள் வீட்டில் ஆடுகளைக் கட்டியிருக்கிறோம்.

இறைவன் உங்களுக்கு நல்ல உடம்பைத் தரட்டும். அக்காவும் அப்படியே எழுதச் சொல்கிறாள். வருவதானால் வாருங்கள். இல்லையென்றால் அதையாவது ஒரு வரி எழுதிப் போடுங்கள். யார் பெயருக்கு எழுதினாலும் சரி, சேர்ந்தே படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஷிஜா
டாபு (கைநாட்டு)