சராசரியில் அடங்காத தட்டல்

மே 4, காலை 7.10
வியாழனின் நிலவு யூரோப்பா, மூன்றாம் பனித்தளம். பதிபவர்: கணிதவியலாளர் அமலோற்பவம். காற்றழுத்தம் சீர். மின்சாரம் சீர். பனிக்கடியில் புதைத்த ஒலி உணரிகள் அனைத்தும் இயங்குகின்றன. நிலவியலாளர் சங்கிலிமுத்து மாதிரி எடுக்க வண்டியில் கிளம்பினார். நாங்கள் இரண்டே பேர்.

மே 4, மாலை 4.30
அவர் ரேடியோ நின்றுவிட்டது. வடக்கே பனி பிளந்திருக்கிறது. மேலே சுற்றிவரும் தாய்க்கப்பலுக்குத் தெரிவித்தேன்.

மே 5, காலை 8.00
கப்பல் கணினியின் தேடல் வரைபடம் வந்தது. இடம் ஓர் அச்சு, நேரம் ஓர் அச்சு. இரண்டும் சேர்ந்த பரப்பில் எங்கே, எப்போது ஒலி எழுந்தது என்று பார்க்கிறது. முடிவு: ஏறத்தாழ எங்கும் பூஜ்யம்.

கேப்டன் ஹனீபா: "மனச தேத்திக்கோம்மா. அவர் இல்ல. நாளைக்கு மதியம் இறங்குகலம் தானா கிளம்பிரும். அத விட்டா எங்கள எட்ட முடியாது. ஏறி உட்காரு."

ஏறத்தாழ எங்கும். என் துறையின் சொல். மீதியைப் பொருட்படுத்தாதே என்று அர்த்தம். அந்த மீதியில் ஒரு மனிதர் இருக்கலாம்.

மே 5, பிற்பகல் 2.15
கணினி பரப்பைப் பெரிய சதுரங்களாக வெட்டிச் சராசரி எடுக்கிறது. சிறு ஒலி அதில் கரைந்துவிடும். எனக்குச் சராசரி வேண்டாம், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மதிப்பு வேண்டும். இடத்துக்கும் நேரத்துக்கும் முரண்படாத ஒரே விதியில் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு 'லிஃப்டிங்' என்று பெயர். புள்ளியைச் சுற்றிய சட்டகத்தைச் சுருக்கிக்கொண்டே போக வேண்டும். சதுரத்தைக் கைவிட்டேன். இடத்தில் முழ அகலம். நேரத்தில் நீளமாக விட்டுப் பிறகு சுருக்குகிறேன்.

மே 5, மாலை 6.40
கிடைத்துவிட்டது! வடக்குப் பிளவில் ஒரே இடம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. சுருக்கச் சுருக்க நிறைகிறது. அவருடைய சுத்தியல் அடி.

"பனி முறியிற சத்தம்மா அது. கணினி அத கணக்குலயே எடுக்கல."
"பனி மூணு தட்டு தட்டிட்டு மூச்சு வாங்காது, கேப்டன்."
"இது உத்தரவு. கிளம்பு."
"மாட்டேன். உங்க கணினிக்கு அவர் பூஜ்யம். எனக்கு இல்ல."

மே 6, காலை 9.20
விண்வெளி உடுப்பின் ஒலிப்பதிவில் பேசுகிறேன். பிளவின் விளிம்பில் இருக்கிறேன். கயிறு இறக்கியாயிற்று. கீழே விளக்கு அசைகிறது. உயிரோடு இருக்கிறார்! உடுப்பு ரேடியோ இந்தத் தூரத்தில் கேட்கிறது.

"அமலா மேடம்? கால் போச்சு. நீங்க எதுக்கு வந்தீங்க? கலம் கிளம்பிரும்!"
"கிளம்பட்டும். கயித்த இடுப்புல கட்டுங்க."

மே 6, பகல் 12.05
கலம் தெற்கே எழும்புகிறது. வெளிச்சம் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அவரைப் பாதிக்கு மேல் இழுத்துவிட்டேன். விளிம்பு விரிசல் விடுகிறது. கயிற்றை விடச் சொல்லிக் கத்துகிறார். கத்தட்டும். கேப்டன், கேட்கிறதா? நான் விடவில்லை. குதிகாலை ஊன்றியிருக்கிறேன். அவர் கையுறை தெரிகிறது. இன்னும் ஒரு சாண். பிடித்துவிட்டேன், மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன், காலுக்குக் கீழே பனி—

[ஒலிப்பதிவு இங்கே அறுந்தது.]