நீல யன்னல்

ஞாயிறு, இரவு

கால் உளைகிறது. எல்ல என்கிற மலை ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மகள்தான் விடியவே என்னையும் என் வீட்டுக்காரரையும் களுவாஞ்சிக்குடியில் இருந்து வேனில் ஏற்றினாள். அங்கே சுவரெல்லாம் சித்திரம். கோப்பிக் கடையிலும் சித்திரம்தான் விற்கிறார்கள். ஏறி இறங்கி எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

நான் பார்த்தது யன்னல்களைத்தான். மகளுக்குச் சீதனமாகக் கட்டுகிற வீட்டில் சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது. அவளுக்குக் கலியாணமானதும் நாங்கள் பின்வளவில் ஓர் அறை போட்டு இருந்துகொள்வோம். ஒரு நீல யன்னலைப் படம் எடுத்து, "இந்த மாதிரியே உனக்கு வைப்பம் மகள்" என்றேன். அவள் அடுத்த சுவர்ச் சித்திரத்தைப் பார்க்கப் போய்விட்டாள்.

கடைசியாகப் போன சித்திரக் கடையில் முதலாளி அவளிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவள் தலையாட்டிச் சிரித்தாள். எனக்குச் சிங்களம் விளங்காது. வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"தேத்தண்ணி குடிக்கிறமா எண்டு கேக்கிறார்" என்றார். தேத்தண்ணி வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து மகள் படுத்த பிறகுதான் அவர் உண்மையைச் சொன்னார். "அடுத்த மாசம் கடைக்கு வேலைக்கு வரக்குள்ள மேல் அறையில தங்கிறியா எண்டுதான் அந்தாள் கேட்டது. பிள்ளை ஓம் எண்டிட்டாள்."

காலையில் மேசன் வந்து யன்னல் படத்தைக் கேட்பார். என்ன சொல்லுவது? கண்ணை மூடினால் அந்தச் சிரிப்புத்தான் வருகிறது. எனக்கு அங்கேயே விளங்கியிருக்க வேணும். தேத்தண்ணிக்கு ஒருவரும் அப்படிச் சிரிப்பதில்லை.