திட்டித் திட்டிக் கரை சேர்த்த கதை

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், எப்பப் பேசினாலும் திட்டுறியேம்மா என்று ஃபோனில் நீ அலுத்துக்கொண்டதிலிருந்து நான்தான் எதையும் கேட்பதில்லையே. போகட்டும், அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். உன் அம்மா இப்போது பெரிய ஆள், காய்கறிக் கடையில் கூட வழிவிடுகிறார்கள்.

நடக்க முடியாத குழந்தைகள் இறங்கிப் பயிற்சி செய்ய ஆஸ்பத்திரியில் ஒரு வெந்நீர்க் குளம் கட்டுவதற்காக, டிவிக்காரர்கள் நிதி திரட்டும் நிகழ்ச்சி நடத்தினார்கள். ஒரு பாடகி கண்ணைக் கட்டிக்கொண்டு சமைத்தாள், செய்தி வாசிப்பவர் கோட்டும் சூட்டுமாக ஆடினார். நமக்குப் பிடித்த அந்தச் சிரிப்பு நடிகருக்கு வந்த சவால்தான் பெரியது. தண்ணீர் என்றாலே தொடை நடுங்குகிற மனுஷர், நான் நீச்சல் பழக்குகிற எங்கள் குளத்தை நேரடி ஒளிபரப்பில் நீந்திக் கடக்க வேண்டும். பக்கத்தில் மிதக்கிற தடுப்புக் கயிற்றைத் தொடாமல் கரை சேர்ந்தால் கட்டடச் செலவில் பாதியை ஒரு கம்பெனி ஏற்கும், தொட்டால் ஒன்றும் கிடையாது. அவருக்குச் சொல்லிக்கொடுக்க என்னைப் பிடித்தார்கள். என் வழக்கம் உனக்குத் தெரியும், நீந்துகிறவருக்கு ஒரு கை முன்னால் கரையோரம் நடந்துகொண்டே திட்டுவேன். நான் திட்டுகிற வரை பயமில்லை, வாயை மூடினால்தான் ஆபத்து, யாரோ மூழ்குகிறார்கள், நான் குதிக்கப் போகிறேன் என்று அர்த்தம். அவருக்கும் முதல் நாளே அதைச் சொல்லித்தான் இறக்கினேன். மூன்று மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டார், என் பெண்டாட்டியே தேவலை என்பார்.

நிகழ்ச்சியன்று சாயங்காலம் குளத்தைச் சுற்றி விளக்கும் கேமராவும். இயக்குநர் பெண் ரொம்ப மரியாதையாக என்னை விருந்தினர் நாற்காலியில் உட்காரவைத்து, கரையில் நடந்தால் படத்தில் விழுவீர்கள், சத்தமும் வேண்டாம் மேடம் என்றாள். புதுச் செருப்பு வேறு. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டேன். மனுஷர் பாதிக் குளம் வரை அழகாகத்தான் போனார். பரபரப்புக்காக வாத்தியத்தை நிறுத்தினார்கள், கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவர் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தார், என்னைக் காணோம், என் குரலும் இல்லை. அவ்வளவுதான், தான் மூழ்குகிறோம் என்றே முடிவு கட்டிவிட்டார். கால் கீழே இறங்கியது, கை கயிற்றுப் பக்கம் நீண்டது. முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த குழந்தைகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன், தடுத்த இயக்குநர் பெண்ணையும் தள்ளிக்கொண்டு. "அங்க என்னய்யா வேடிக்கை? தலைய உள்ள போடு, கால அடி. மூணு மாசமா என் தொண்டத்தண்ணி வத்தினது நீ நடுக்குளத்துல நின்னு யோசிக்கவா?" ஊர் உலகமே கேட்டது. அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீ பார்க்கணுமே. கயிற்றை உரசப் போன கை அப்படியே திரும்பியது. நான் திட்டத் திட்ட அவர் அடித்த அடியில் கேமராவெல்லாம் நனைந்தது, மறு கரையைத் தொட்டேவிட்டார். குழந்தைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது, என்னைத் தடுத்த அந்தப் பெண்ணே அழுதுகொண்டு கட்டிப்பிடித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சீக்கிரமே குளம் தோண்டப் போகிறார்கள், குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்க என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒற்றைச் செருப்பு தண்ணீரில் விழுந்ததை மட்டும் உன் அப்பா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்.

இப்போது உன் விஷயம். நான் திட்டுவதை நிறுத்தியதால் நீ அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா, எதையாவது மறைக்கிறீர்களா என்று கேட்டாயாம். என் குளத்தில் நீந்தி வளர்ந்தவள், வேறெப்படித் தோன்றும். பயப்படாதே, இங்கே யாரும் மூழ்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பழையபடி ஆரம்பிக்கிறேன். அதற்குள் அந்த இருமலுக்கு டாக்டரைப் பார், ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள்.

என்றும் உனக்கு ஒரு கை முன்னால்,
அம்மா